ஊசிக்கு முன்னால் தட்டு: சர்க்கரை வந்த பூனைக்கு உணவை மாற்றும் முதல் நாட்கள்

எங்கள் பூனையின் பெயர் கப்பல். 9 வயதுக் கடுவன், கருத்தடை செய்தது, பெயருக்கேற்ற உடம்பு. கீழக்கரையில் எங்கள் தெருவில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. மாடிப்படிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் அவன் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்ததை முதலில் அம்மாதான் பார்த்தார். “உங்க தாத்தாவுக்கும் இப்படித்தான்டா தெரிஞ்சுது” என்றார். நான் சிரித்தேன். இரண்டு வாரம் கழித்து, குளியலறை வாளியில் முன்னங்காலை ஊன்றி அவன் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. தின்பது குறையவில்லை, உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. நடக்கும்போது பின்னங்கால் குதிகால் தரையில் பட்டது.

ராமநாதபுரத்தில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். சர்க்கரை 412. பூனைக்கு 70 முதல் 150க்குள் இருக்க வேண்டியது. இன்சுலின் வேண்டியிருக்கும் என்று சொன்னவர், கூடவே, “10 நாள் சாப்பாட்டை மாத்துங்க, எழுதி வைங்க, அதோட வாங்க, ஊசி அளவை அப்போ முடிவு பண்ணுவோம்” என்றார். என்ன மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று கேட்க எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் தலை சுற்றியது. அந்த 10 நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். டாக்டரிடம் காட்டி, அவர் சர்க்கரைதான் என்று சொன்ன பூனைக்கான குறிப்புகள் இவை. காட்டாமலே வீட்டில் செய்து பார்ப்பதற்கு அல்ல.

உணவு ஏன் முதலில்

மாவுச்சத்து மிகுந்த தீனி தின்றுகொண்டிருக்கும் பூனைக்கு, அந்தத் தீனிக்கு ஏற்ற அளவில் இன்சுலின் போட ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் கழித்து யாரோ சொன்னார்கள் என்று தீனியை மாற்றுகிறீர்கள். நேற்றுவரை சரியாக இருந்த அதே அளவு இன்சுலின் இன்றைக்கு அதிகமாகிவிடும். சர்க்கரை தரைதட்டும். பூனை தள்ளாடும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். அதனால் முடிந்தால் தட்டை முதலில் சரிசெய்துவிட்டு, அந்தத் தட்டுக்கு ஏற்ப ஊசி அளவை டாக்டர் குறிப்பது நல்லது. ஏற்கெனவே ஊசி ஆரம்பித்தவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே தீனியை மாற்ற வேண்டாம். டாக்டரிடம் சொல்லி, ஊசி அளவைப் பார்த்துக்கொண்டுதான் மாற்ற வேண்டும்.

ஆனால் இதையே சாக்காக வைத்து ஊசியைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் 5ஆம் நாள் அந்த யோசனையில்தான் இருந்தேன். சரியான சாப்பாடு போட்டால் போதாதா, குத்தவே வேண்டாமே என்று. சர்க்கரை உறுதியான பூனை சாப்பாட்டு மாற்றத்தால் மட்டுமே தேறுவது அபூர்வம். மாறாக, சீக்கிரம் இன்சுலின் ஆரம்பித்து, உணவையும் ஒழுங்காக வைத்திருந்த பூனைகளில் கணிசமானவை சில மாதங்களில் ஊசியே தேவைப்படாத நிலைக்குத் திரும்புகின்றன. மனிதர்களில் அவ்வளவாகக் காணாத அதிர்ஷ்டம் இது. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடக்கக் கிடக்க, கணையத்தில் மிச்சமிருக்கும் இன்சுலின் சுரக்கும் செல்கள் ஓய்ந்துபோகும். ஆகவே இந்த இடைவெளி எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில பூனைகளுக்கு இந்த இடைவெளியே கிடையாது. சாப்பிட மறுக்கிறது, வாந்தி எடுக்கிறது, மூலையில் சுருண்டு கிடக்கிறது, மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் வாங்குகிறது, வாயில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை அல்லது அழுகிய பழ வாடை வீசுகிறது என்றால், உடம்பு கொழுப்பை எரித்து கீட்டோன் என்ற கழிவை ரத்தத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இது அன்றைக்கே பார்க்க வேண்டிய அவசரம். உள்ளூரில் முடியாது என்றால் மதுரைக்காவது கொண்டுபோய்விடுங்கள். தீனிக் கணக்கெல்லாம் அப்புறம்.

ஒரு முறை பார்த்த 412ஐ அப்படியே நம்பலாமா?

பூனை பயந்தாலே சர்க்கரை ஏறும். ஆட்டோவில் குலுங்கி, நாய் குரைக்கும் இடத்தில் அரை மணி நேரம் காத்திருந்து, நான்கு பேர் பிடித்து ரத்தம் எடுத்தால், நோயே இல்லாத பூனைக்கும் 300 காட்டக்கூடும். அதனால்தான் சிறுநீரையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் சுமார் 250ஐத் தாண்டி நீடித்தால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்கும். ஃபிரக்டோசமைன் என்றொரு ரத்தப் பரிசோதனையும் உண்டு. கடந்த இரண்டு மூன்று வாரச் சராசரியை அது காட்டும். அன்றைய பயம் அதைப் பாதிக்காது. வெளியூர் லேபுக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் ஒரு தடவை எடுத்துவிடச் சொல்வேன். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையும் அந்த ரத்தத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கீழே நான் சொல்லப்போகும் புரதம் மிகுந்த சாப்பாடு, சிறுநீரகம் கெட்ட பூனைக்கு அப்படியே பொருந்தாது. அரிப்புக்கோ வேறு எதற்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அதுவே சர்க்கரையைக் கிளப்பியிருக்கலாம்.

உங்கள் பூனை எத்தனை வீட்டில் சாப்பிடுகிறது?

சர்க்கரைப் பூனைக்கான குறிப்புகளில் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளரும் பூனையை நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நம் கடற்கரைப் பூனை அப்படியா? காலையில் நம் வீட்டில் ஒரு வாய், பத்து மணிக்கு மீன் கழுவும் இடத்தில் குடல், மதியம் பக்கத்து வீட்டில் மீனாணம் (மீன்குழம்பு) பிசைந்த சோறு, சாயங்காலம் டீக்கடையில் பிஸ்கட், ராத்திரி திரும்ப நம் வீட்டில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த உருண்டைத் தீனி. நீங்கள் உங்கள் தட்டை மட்டும் மாற்றினால், அது ஐந்தில் இரண்டைத்தான் மாற்றுகிறது.

மூன்று நாள் கப்பலின் பின்னாலேயே சுற்றினேன். வேலையற்ற வேலை என்று அம்மா திட்டினார். ஆனால் அதில்தான் விஷயம் பிடிபட்டது. அவன் மீனைத்தான் தின்கிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் மீன் வாசம் ஏறிய சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். ஒரு பிடி சோறு, சுமார் 50 கிராம் என்று வைத்தால், அதில் 14 கிராம் மாவுச்சத்து. அதிலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 60 கலோரி. 5 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையே 200 முதல் 250 கலோரிதான். அப்படியானால் ஒரு வீட்டுப் பிடிச்சோறு, நாள் முழுத் தேவையில் கால்வாசி. இரண்டு வீடு என்றால் பாதி.

பூனை பிறவியிலேயே இறைச்சி உண்ணி. அதன் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் வேலை செய்வதில்லை. எங்கள் ஊர் இனிப்பான தொதலை அவன் நக்குகிறான் என்றால் அது கருப்பட்டிக்காக அல்ல, தேங்காய்ப்பால் கொழுப்புக்காக. மாவுச்சத்தை அதிக அளவில் கையாளும் ஏற்பாடு அதன் ஈரலிலும் கணையத்திலும் குறைவு. எலியும் பல்லியும் பிடித்துத் தின்ற காலத்தில் அது தேவைப்படவும் இல்லை.

அடுத்து தெருவைச் சரிக்கட்ட வேண்டும். பக்கத்து வீட்டு லாத்தாவிடம் (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) போய்ச் சொன்னேன். “வாயில்லா ஜீவன் தம்பி, வாசல்ல வந்து நின்னா எப்புடி வெரட்டுறது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. விரட்டச் சொல்வது தப்பு என்று அப்புறம் புரிந்தது. வந்தால் போடுவதற்கு அவர் வீட்டிலேயே ஒன்றை வைத்துவிட்டேன்: உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு, சிறு டப்பாவில், தினமும் 20 கிராம். அதைக் கணக்கிலும் சேர்த்துக்கொண்டேன். லாத்தாவுக்கும் மனக்குறை இல்லை. டீக்கடைக்கு வேறு வழி. பூனைக்கு மணி கட்ட ஆளில்லை என்பார்கள். நான் சீட்டுக் கட்டினேன். கழுத்துப் பட்டையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை: “எனக்குச் சர்க்கரை. சோறு, பால், பிஸ்கட் வேண்டாம்.” இரண்டு நாள் தெருவே சிரித்தது. மூன்றாம் நாள் பிஸ்கட் நின்றது. பட்டை கட்டும்போது, இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் வகையாகப் பார்த்துக் கட்டுங்கள். மதில் கம்பியில் மாட்டிக்கொண்டால் ஆபத்து.

இந்தச் சில நாட்களுக்கு வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். வேலை பாதியாகக் குறையும். வீட்டில் வேறு பூனை இருந்தால் தனித்தனி அறையில் வைத்து, 20 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

பாக்கெட்டின் பின்பக்கம்

பாக்கெட்டின் முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தாலும் பொருட்படுத்த வேண்டாம். திருப்பிப் பாருங்கள். புரோட்டீன், ஃபேட், ஃபைபர், மாய்ஸ்சர், சில பாக்கெட்டில் ஆஷ் (சாம்பல்) என்று சதவீதம் போட்டிருக்கும். மாவுச்சத்து எவ்வளவு என்று மட்டும் பெரும்பாலும் போடமாட்டார்கள். நாமே கண்டுபிடிக்கலாம்: 100இலிருந்து மற்ற ஐந்தையும் கழித்தால் மிச்சம்தான் மாவுச்சத்து. சாம்பல் போடவில்லை என்றால் ஈரத் தீனிக்கு இரண்டரை, உருண்டைத் தீனிக்கு 7 அல்லது 8 என்று வைத்துக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு ஓர் உருண்டைத் தீனி: புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. கூட்டினால் 62. மிச்சம் 38 கிராம் மாவுச்சத்து. ஒரு பவுச்சு ஈரத் தீனி: புரதம் எட்டரை, கொழுப்பு மூன்றரை, நார் 1, ஈரம் 82, சாம்பல் இரண்டரை. மிச்சம் இரண்டரை.

இரண்டிலும் தண்ணீரின் அளவு வேறு என்பதால் இந்த எண்களை நேராக ஒப்பிடக் கூடாது. கலோரியில் எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். புரதத்தையும் மாவுச்சத்தையும் மூன்றரையாலும், கொழுப்பை எட்டரையாலும் பெருக்குங்கள். உருண்டைத் தீனியில் புரதம் 105, கொழுப்பு 85, மாவுச்சத்து 133. மொத்தம் 323 கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 41 சதவீதம். பவுச்சில் புரதம் 30, கொழுப்பு 30, மாவுச்சத்து 9. மொத்தம் 69இல் 13 சதவீதம். சர்க்கரைப் பூனைக்கு 10, 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அந்த பவுச்சு எல்லைக் கோட்டில் நிற்கிறது. உருண்டை எங்கேயோ இருக்கிறது.

“தானியம் சேர்க்காதது” என்று போட்ட உருண்டைத் தீனியைப் பார்த்து ஏமாந்தவன் நான். அரிசிக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் போட்டிருந்தார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய அதே எண் வந்தது. உருண்டையாகப் பிடிக்கவே மாவு வேண்டும் அல்லவா. அதேபோல் பவுச்சில் குழம்பாக இருப்பதைவிட, அரைத்த விழுதாக இருப்பது பொதுவாக நல்லது. குழம்பைக் கெட்டியாக்க மாவு சேர்ப்பதுண்டு. பாக்கெட்டில் “கம்ப்ளீட்” என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் நொறுக்குத் தீனியாக விற்பவற்றை முழுச் சாப்பாடாகப் போட முடியாது.

சரி, செலவு. நான் வாங்கிய பவுச்சு ஒன்று 80 கிராம், அதில் 55 கலோரி. அதை மட்டுமே போடுவதென்றால் ஒரு நாளைக்கு 4 வேண்டும். ஒன்று நாற்பது, ஐம்பது ரூபாய் என்றால் மாதம் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களால் முடியவில்லை. 2 பவுச்சு, மீதி வீட்டில் வேகவைத்தது என்று டாக்டரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். 110 கலோரிக்குத் தோல் நீக்கி வேகவைத்த கோழித் தொடை சுமார் 60 கிராம், கொழுப்பில்லாத மீன் என்றால் சுமார் 100 கிராம்.

மீன் இருக்கும்போது கவலை என்ன?

கவலை உண்டு. மீனில் மாவுச்சத்தே இல்லை. அந்த வகையில் சர்க்கரைப் பூனைக்கு நல்ல பண்டம். ஆனால் மீன் மட்டுமே போட்டு வளர்த்தால் வேறு வியாதிகள் வரும்.

பச்சை மீனில், அதிலும் சாளை, சூடை, நெத்திலி வகைகளில், தயாமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. தினமும் பச்சையாகப் போட்டால் சில வாரங்களில் பூனை தலையைத் தூக்க முடியாமல் கழுத்தைக் குனிந்துகொள்ளும், தள்ளாடும். அது சர்க்கரையால் வந்த தளர்ச்சியா, வைட்டமின் குறைவா என்று குழம்பிப்போவீர்கள். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். ஆகவே எவ்வளவு புது மீனாக இருந்தாலும் வேகவைத்தே போடுங்கள். சூரை, சாளை மாதிரி எண்ணெய் மிகுந்த மீனையே நெடுநாள் போட்டால் வைட்டமின் ஈ தீர்ந்து, உடம்புக் கொழுப்பே வீங்கி வலிக்கும் நோய் வரும், தொட்டால் கத்தும். முள்ளும் எலும்பும் இல்லாத சதையை மட்டுமே போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டுத் தூள் சேர்க்கலாமா, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டே செய்யுங்கள், கண்ணளவு வேண்டாம்.

சமைப்பது எளிது. சங்கரா, கிழங்கான், காரல், எது மலிவாகக் கிடைக்கிறதோ அது. குடலையும் செவுளையும் நீக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில், உப்பு, புளி, மிளகாய் எதுவும் இல்லாமல் 10 நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் முள்ளை எடுத்து உதிர்த்து, வெந்த தண்ணீரையும் சேர்த்துப் பிசையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். பூனையால் தன் உடம்பில் போதுமான அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாத டாரின் என்ற சத்து வேகும்போது அந்த நீரில்தான் இறங்குகிறது. அது குறைந்தால் பார்வையும் இதயமும் கெடும். கறிக்கடையில் ஈரலோடு சேர்த்து விற்கும் கோழி இதயத்தில் டாரின் நிறைய. வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதில் கொஞ்சம் சேர்க்கலாம். ஈரலை மட்டும் வாரம் ஒரு சிறு துண்டோடு நிறுத்துங்கள். வைட்டமின் ஏ மிஞ்சினால் எலும்பு பாதிக்கும்.

நம் வீட்டுக் குழம்பில் கிடந்த மீனைக் கழுவிப் போடுவது எல்லோரும் செய்வதுதான். வேண்டாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவினால் அந்தச் சாறு போய்விடாது. கருவாடு வெறும் உப்பு. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது, சர்க்கரையும் அதில் உண்டு. வலையில் வந்து கரையில் எறிந்து கிடக்கும் பேத்தை மீன் பக்கம் மட்டும் போகவிடாதீர்கள். அதன் நஞ்சுக்கு மருந்தில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நாட்களில் நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும். பழையபடி சோற்றுக்கும் உருண்டைக்கும் கை போவது அப்போதுதான். உங்கள் பூனைக்கு நோய் தெரிந்த மாதம் அதற்கு அருகில் என்றால், ஆரம்பத்திலேயே கோழிக்குப் பழக்கிவிடுங்கள். ஊசி ஆரம்பித்த பிறகு நடுவில் தீனி மாறக் கூடாது என்பது நினைவிருக்கட்டும்.

மாற்றும் விதம்

ஒரே நாளில் மாற்ற முயன்றேன். கப்பல் தட்டை முகர்ந்து, முன்னங்காலால் மண் தள்ளி மூடுவது போலத் தரையைச் சுரண்டிவிட்டுப் போய்விட்டான். பசித்தால் தின்பான் என்று விட்டிருந்தேன். தப்பு. பருமனான பூனை ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்தாலே, உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்க் குவிந்து ஈரலே செயலிழக்கலாம். சர்க்கரைப் பூனைக்கு அது இன்னும் ஆபத்து. 24 மணி நேரம் ஒன்றுமே தின்னவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். பிடிவாதத்தில் பூனையை ஜெயிக்கப் பார்க்காதீர்கள்.

நல்ல வழி, முதல் இரண்டு நாள் பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. அடுத்த இரண்டு மூன்று நாள் பாதிப் பாதி. பிறகு கால், முக்கால். ஒரு வாரம் பத்து நாளில் பழையது நின்றுவிடும். முகர்ந்துவிட்டுப் போனால் மீன் வெந்த நீரைச் சூடாக இரண்டு கரண்டி ஊற்றுங்கள், வாசம் எழும்பும். அதுவும் நடக்காவிட்டால் பழைய உருண்டை நாலைந்தைத் தூளாக்கி மேலே தூவுங்கள். வயிறு இளகினால் வேகத்தைக் குறையுங்கள். வெயிலில் ஈரத் தீனி அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடக்கக் கூடாது, ஈ மொய்த்துவிடும்.

நேரத்தையும் இப்போதே பழக்குங்கள். இன்சுலின் பெரும்பாலும் 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. காலை 7, இரவு 7 என்று பெரிய சாப்பாட்டை வைத்துவிட்டால், நாளைக்கு ஊசி அதோடு ஒட்டிக்கொள்ளும். கடலுக்குப் போகும் வீடுகளில் யார் அந்த இரண்டு நேரத்திலும் தவறாமல் வீட்டில் இருப்பார்களோ, அவர் கையில்தான் இந்தப் பொறுப்பு இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா. நான் வெறும் கணக்குப்பிள்ளை.

நோட்டுப் புத்தகம்

40 பக்க நோட்டு ஒன்று போதும். எதை எழுதினால் டாக்டருக்கு உதவும் என்றால், தின்ற அளவு, குடித்த தண்ணீர், சிறுநீர், எடை.

தண்ணீரைக் காலையில் 300 மில்லி அளந்து வைத்து, மறுநாள் காலையில் மிச்சத்தை அளக்க வேண்டும். கடற்காற்றில் தண்ணீர் ஆவியாகும், அதனால் அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தை அவன் எட்டாத அலமாரியில் வைத்து, அதில் குறைந்ததைக் கழித்துக்கொண்டேன். நாள் ஒன்றுக்குக் கிலோவுக்கு 50 மில்லிக்குள் சாதாரணம். 100ஐத் தாண்டினால் மிக அதிகம். ஈரத் தீனிக்கு மாறிய பூனை இயல்பாகவே குறைவாகக் குடிக்கும், சாப்பாட்டிலேயே தண்ணீர் இருக்கிறதே. ஆகவே குடிப்பது குறைந்ததை மட்டும் வைத்துச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று குதிக்கக் கூடாது. நான் குதித்தேன்.

சிறுநீருக்கு, மருந்துக் கடையில் சர்க்கரையும் கீட்டோனும் சேர்த்துக் காட்டும் பட்டை கேளுங்கள். மணல் தட்டில் போகும் பூனை என்றால், அவன் குந்தும்போது நீளப்பிடிக் குழிக்கரண்டியைப் பின்னாலிருந்து நீட்ட வேண்டும். இரண்டு தடவை ஓடிவிட்டான், மூன்றாம் தடவை கிடைத்தது. கீட்டோன் நிறம் மாறினால் அன்றைக்கே போன் செய்யுங்கள். காதோரத்தில் குத்தி, மனிதர்கள் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரில் பார்க்கவும் முடியும். பூனை ரத்தத்துக்கு அது பெரும்பாலும் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, எந்த மீட்டர் என்பதையும் எழுதி வையுங்கள். காதை முதலில் வெதுவெதுப்பான துணியால் ஒற்றினால் ரத்தம் எளிதில் வரும்.

எடைக்கு மீன் விற்கும் அக்காவின் தராசைக் கடன் கேட்டேன். பிளாஸ்டிக் கூடையில் கப்பலை உட்கார வைத்து நிறுத்தோம். 5 கிலோ 300. “இந்த மீன் கிலோ என்ன வெல தம்பி?” என்று அங்கிருந்த எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வாரம் ஒரு முறை, அதே தராசு. பருத்த பூனையானாலும் வாரத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைக்க முயல வேண்டாம். சர்க்கரையால் ஏற்கெனவே இளைத்துக்கொண்டிருக்கும் பூனைக்கு இந்த நாட்களில் இளைக்கவைக்கும் வேலையே கூடாது; வயிறு நிறையப் போடுங்கள்.

இடையில் எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள். வெந்தயத் தண்ணீர், பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ. பூனையின் வாயில் ஊற்றினால் நுரை தள்ளிவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டையும் சந்தேகிக்கும். அப்பா சாப்பிடும் சர்க்கரை மாத்திரையில் ஒரு துண்டு உடைத்துக் கொடுக்கலாமா என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். கொடுக்கவே கூடாது. பூனைகளுக்கென்றே வந்திருக்கும் மாத்திரையும் திரவ மருந்தும் வேறு. எந்தப் பூனைக்கு அவை ஆகும் என்பதை டாக்டர் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

திரும்பப் போகும் நாள்

10ஆம் நாள் கப்பலுக்கு 318. குதிகால் நடை அப்படியே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாடு நிலைப்பட்டுவிட்டது, இனி அளவு குறிக்கலாம் என்று அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார். நீங்கள் போகும்போது நோட்டோடு, இப்போது போடும் தீனியின் பாக்கெட் அட்டையையும் எடுத்துப் போங்கள். இன்சுலின் குப்பியில் 40 என்றோ 100 என்றோ எழுதியிருக்கும். சிரிஞ்சிலும் அதே எண் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மாறினால் அளவு இரண்டரை மடங்கு தப்பிப்போகும்.

அதற்குப் பிறகு தீனியில் எந்த மாற்றம் என்றாலும் முதலில் போன். ஊசி நேரத்தில் சாப்பிடவில்லை என்றாலும் போன். தள்ளாடினால், வெறித்துப் பார்த்தால், உடம்பு நடுங்கினால், தேனையோ சர்க்கரைப் பாகையோ விரலில் எடுத்து ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். மயங்கிக் கிடக்கும் பூனையின் வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். எங்கள் வீட்டில் தேன் குப்பி இப்போது சமையலறையில் இல்லை. ஊசி டப்பாவுக்குப் பக்கத்தில், அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. லாத்தா வீட்டு அடுக்களையிலும் ஒன்று வைத்திருக்கிறோம்.